மூன்றாம் தரம் சொல்ல ஆள் இல்லாத ஏலம்: இணையத்தில் கடைசி நொடியில் கேட்பது எப்படி

எங்கள் வேலூர்ப் பக்கத்து ஊர்களில் ஏரி மீன்பாசிக் குத்தகையானாலும் சாலையோரப் புளியமர மகசூலானாலும், ஏலம் விடுபவர் "ஒரு தரம், இரண்டு தரம்" என்று நிறுத்திக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். யாராவது நூறு ரூபாய் கூட்டிக் கேட்டுவிட்டால் எண்ணிக்கை மறுபடியும் முதல் தரத்திலிருந்து தொடங்கும். கேட்க விருப்பமுள்ள கடைசி ஆளும் ஓயும்வரை அந்த ஏலம் முடியாது என்பதால், அங்கே கடைசி நொடி என்று ஒன்று கிடையாது. இணைய ஏலங்களில் ஒரு வகை, இப்படி ஆளுக்காகக் காத்திருப்பதில்லை. குறித்த நாளில், குறித்த மணி நிமிடம் நொடியில் கதவைச் சாத்திவிடுகிறது. இன்னொரு வகை நம் ஊர் ஏலக்காரரைப் போல, முடியும் தறுவாயில் யாரேனும் கூட்டிக் கேட்டால் தன் நேரத்தைத் தானே நீட்டித்துக்கொள்கிறது. முதல் வகையில் கடைசி நொடி வரை காத்திருப்பது பெரும் பலம். இரண்டாம் வகையில் அதே பழக்கம் வீண், சில நேரங்களில் ஆபத்தும்கூட. ஆகவே நீங்கள் இறங்கப்போகும் ஏலம் எந்த வகை என்பதை நிபந்தனைப் பக்கத்தில் படித்துத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாய்கூடக் கேட்காதீர்கள்.

நான் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆற்காட்டு ரூபாய்களைச் சேர்த்துவருகிறேன். ஆற்காட்டு நவாபின் பெயரோடு சேர்ந்துவிட்ட இந்த வெள்ளி நாணயத்தைப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் சென்னையில் ஆங்கிலேயக் கம்பெனியும் அடித்தார்கள். நம் மண்ணின் பெயரைத் தாங்கிய அந்தக் காசுகளில் பல இன்று வெளிநாட்டு அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றை வாங்க எனக்கு இணைய ஏலமே வழி. ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டாலும், அதன் அமெரிக்க, பிரிட்டிஷ் தளங்களில் இந்தியாவுக்கு அனுப்பச் சம்மதிக்கும் விற்பனையாளர்களிடம் இங்கிருந்தே ஏலம் கேட்க முடியும். கீழே சொல்பவற்றில் முதல் பாதி, குறித்த நொடியில் கதவைச் சாத்தும் முதல் வகையான ஈபேயில் கிடைத்த அந்த அனுபவத்திலிருந்து வருவது.

துண்டுக்கு அடியில் இருக்கும் விரல்

செவ்வாய்க்கிழமைகளில் கூடும் பொய்கைச் சந்தை போன்ற மாட்டுச் சந்தைகளுக்குப் போனவர்களுக்குத் துண்டு போட்டு விலை பேசும் பழைய முறை தெரிந்திருக்கும். தரகரும் வாங்குபவரும் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்தே விலையைச் சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. ஈபே போன்ற தளங்களின் ஏலமும் பாதி துண்டுக்குள்தான் நடக்கிறது. நீங்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் உச்சத் தொகையைத் தளத்திடம் மட்டும் சொல்கிறீர்கள். தளம் அதை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டு, எதிராளி கேட்கக் கேட்க உங்கள் சார்பில் தேவையான அளவுக்கு மட்டும் ஏற்றிக் கேட்கிறது. ஆகவே வென்றவர் தன் உச்சத் தொகையைக் கொடுப்பதில்லை. தனக்கு அடுத்தவர் சொன்ன உச்சத்தைவிட ஒரு படி கூடுதலாகத்தான் கொடுக்கிறார். அந்தப் படி விலையைப் பொறுத்து மாறும். அமெரிக்கத் தளத்தில் 5 டாலரிலிருந்து 25 டாலருக்குள் 50 சென்ட், 25-இலிருந்து 100-க்குள் 1 டாலர், 100-இலிருந்து 250-க்குள் 2 டாலர் 50 சென்ட் என்று போகிறது.

ஒரு கணக்கைக் கிட்டப் பார்ப்போம். ஒரு காசின் விலை 41 டாலரில் நிற்கிறது. முன்னணியில் இருப்பவர் துண்டுக்கடியில் சொன்ன உச்சம் 55 டாலர் என்பது நமக்குத் தெரியாது. நான் 59 டாலர் 87 சென்ட் என்று கேட்கிறேன். உடனே விலை 56 டாலருக்குத் தாவும், முன்னணி என்னுடையதாகும். அவருடைய உச்சம் 59.50 ஆக இருந்திருந்தால், ஒரு படி கூட்டினால் 60.50 ஆகி என் உச்சத்தைத் தாண்டிவிடும் என்பதால், விலை 59.87-இலேயே நிற்கும், அப்போதும் வெற்றி எனக்கே. அவர் 60 டாலர் சொல்லியிருந்தால் நான் அந்த நொடியிலேயே தோற்றுவிட்டேன். இருவரும் ஒரே தொகையைச் சொல்லியிருந்தால் முதலில் சொன்னவருக்குத்தான் பொருள் போகும். கடைசி நொடிக்காரர் எப்போதும் பின்னால் வருபவர் ஆதலால் இந்தக் கடைசி விதி அவருக்கு எதிரானது. 60, 75, 100 என்று எல்லோர் மனத்திலும் எழும் உருண்டைத் தொகைகளை நான் தவிர்ப்பது இதனால்தான். சில சென்ட் கூட்டிக் கேட்டு வென்ற காசுகள் என் பெட்டியில் இருக்கின்றன.

காத்திருப்பதன் காரணம்

அடுத்தவர் விலையையே வென்றவர் கொடுக்கும் ஏலத்தில், தன் மனத்தில் உள்ள உண்மையான மதிப்பைச் சொல்லிவிடுவதே ஒருவருக்கு நல்லது என்று பொருளியல் அறிஞர் வில்லியம் விக்ரி 1961-இல் காட்டினார். 1996-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. எல்லோரும் அப்படி நடந்தால் முதல் நாள் கேட்டாலும் கடைசி நொடியில் கேட்டாலும் முடிவு ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஏலத்தில் உட்காரும் மனிதர்கள் அப்படி நடப்பதில்லை. "என் உச்சம் இவ்வளவு" என்று ஒருமுறை முடிவு செய்யாமல், தன்னை ஒருவர் முந்தியதைப் பார்த்ததும் ஒரு டாலர், மறுபடியும் ஒரு டாலர் என்று கூட்டிக்கொண்டே போகிறவர்கள் ஒவ்வொரு ஏலத்திலும் உண்டு.

எனக்கு முதல் பாடம் அப்படித்தான் கிடைத்தது. தாமரைச் சின்னம் தெளிவாக விழுந்த ஓர் ஆற்காட்டு ரூபாய்க்கு, ஏலம் முடிய ஆறு நாள் இருக்கும்போதே 60 டாலர் உச்சம் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன். விலை அப்போது 31 டாலர். நான்காம் நாள் யாரோ ஒருவர் வந்து ஒவ்வொரு டாலராக ஏற்றினார். அவர் கேட்கும் ஒவ்வொரு முறையும் தளம் என் சார்பில் பதில் சொன்னது. என் உச்சம் எங்கே முடிகிறது என்பதை ஒரே இரவில் அவர் பதினாறு தட்டுகளில் கண்டுபிடித்துவிட்டார். 61 டாலருக்கு அந்தக் காசு அவருக்குப் போனது. நான் அந்த 60-ஐக் கடைசி எட்டு நொடியில் சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு தட்டுக்கு மேல் நேரம் இருந்திருக்காது. கடைசி நொடிக் கேள்வி, அதாவது கடைசி நொடியில் ஏலத்தொகை கேட்பது, செய்யும் உதவி இவ்வளவுதான், ஆனால் இது பெரிய உதவி: எதிராளிக்கு யோசிக்கவும் ரோஷப்படவும் நேரம் கொடுக்காது. அவர் முன்கூட்டியே உங்களைவிட அதிகமான உச்சத்தைச் சொல்லி வைத்திருந்தால் எந்த நொடியில் கேட்டாலும் தோல்விதான். அதற்கு மாற்று மருந்து கிடையாது.

இரண்டாவது காரணம், பொருளைப் பற்றிய அறிவு. பிரெஞ்சுக்காரர்கள் அடித்ததில் பிறை இருக்கும், கம்பெனியின் சென்னைக் காசில் தாமரை இருக்கும். கம்பெனிக் காசில் ஹிஜ்ரி 1172, முகலாய அரசர் இரண்டாம் ஆலம்கீரின் ஆறாம் ஆட்சியாண்டு என்ற ஒரே தேதியை, அந்த அரசர் இறந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் மாற்றாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். இதெல்லாம் தெரியாத விற்பனையாளர் "பழைய இந்திய வெள்ளிக் காசு" என்று மட்டும் தலைப்பிட்டு மங்கலான படம் ஒன்றைப் போட்டிருப்பார். அதில் தெரிந்த ஒருவர் முதல் நாளே நல்ல தொகை கேட்டால், மற்றவர்களுக்கு அதுவே சான்றிதழ் ஆகிவிடும்; அந்த ஆள் கேட்கிறார் என்றால் சரக்கு உண்மையானது என்று பின்தொடர்வார்கள். பொருளியல் அறிஞர்களான ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் ஆகிய இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஈபேயில் கணினிகளைவிடப் பழம்பொருள்களுக்குக் கடைசி நேரக் கேள்விகள் அதிகம் என்று கண்டார்கள். அனுபவம் கூடக் கூட அந்தத் தளத்தில் தாமதமாகக் கேட்கும் பழக்கமும் கூடியது. அறிவை மறைத்து வைத்துக்கொள்வதும் இதற்கு ஒரு காரணம் என்று அவர்கள் சொன்னதை நான் என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன்.

விற்பவரே வேறொரு பெயரில் வந்து விலையை ஏற்றும் மோசடியும் உண்டு. தளங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன, என்றாலும் நடக்கிறது. உங்கள் உச்சம் ஆறு நாள் முன்பே அங்கே உட்கார்ந்திருந்தால் அதைத் தட்டிப் பார்க்க அந்த ஆளுக்கு ஆறு நாள் கிடைக்கிறது.

தொகையை முன்பே எழுதி வையுங்கள்

கடைசி நொடி என்பது கை வேலை. மூளை வேலை முழுவதும் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். என் நோட்டில் ஒவ்வொரு ஏலத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. அதே வகைக் காசு முன்பு என்ன விலைக்கு முடிந்தது என்பதை, முடிந்த ஏலங்களின் பட்டியலில் பார்த்து முதலில் எழுதுவேன். விற்பனைக்கு மாட்டி வைத்திருக்கும் விலைகளை எழுத மாட்டேன். அவை விற்பவரின் ஆசை, வாங்கியவரின் முடிவு அல்ல. பிறகு என் வீட்டுக்கு வந்து சேரும்போது மொத்தம் எவ்வளவு ரூபாய்க்குமேல் போகக்கூடாது என்று ஒரு தொகையை முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவேன்.

மொத்தம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரிக்கும் அஞ்சல் செலவுகளுக்கும் 1,500 ரூபாயை ஒதுக்கினால் மிச்சம் 6,500. ஒரு டாலர் 85 ரூபாய் என்று கொண்டால் அது ஏறத்தாழ 76 டாலர் 47 சென்ட். வெளிநாட்டுப் பணத்தில் செலவு செய்தால் பல கார்டுகள் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கின்றன. அதைக் கழித்தால் 73 டாலர் 88 சென்ட். அனுப்பும் செலவு 14 டாலர் என்று விற்பனையாளர் போட்டிருந்தால், நான் கேட்கக்கூடிய உச்சம் 59 டாலர் 88 சென்ட். மேலே கணக்கில் சொன்ன 59.87 இப்படித்தான் பிறந்தது. அனுப்பும் செலவையும் வரியையும் மறந்துவிட்டு ஏலத்தில் மட்டும் மலிவாக எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பொட்டலம் வந்து சேர்ந்த நாளில்தான் அவர்களுக்கு உண்மையான விலை தெரிந்தது.

அந்தத் தொகையைக் கேட்கும்போது, "இதைவிட ஒரு டாலர் கூட்டியிருக்கலாமே" என்று தோற்றபின் வருந்துவேனா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். வருந்துவேன் என்றால் இப்போதே கூட்டி எழுதிவிடுவேன். இல்லை என்றால் அந்தப் பக்கத்தின் கீழே கோடு போட்டுவிடுவேன்; ஏலம் நடக்கும்போது கோட்டைத் தாண்டுவதில்லை.

கடைசி பத்து நிமிடம்

நேரக் கணக்கில் பலர் தவறுகிறார்கள். ஈபேயின் அமெரிக்கத் தளத்தில் ஏலம் முடியும் நேரம் பல இடங்களில் பசிபிக் நேரத்தில் காட்டப்படும். நம் நேரம் அதைவிடக் கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் குளிர்காலத்தில் பதிமூன்றரை மணி நேரமும் முன்னே ஓடுகிறது. அங்கே கடிகாரத்தை மாற்றுவது மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறும் நவம்பர் மாதத்து முதல் ஞாயிறும். ஞாயிறு மாலை 7 மணிக்கு அங்கே முடியும் ஏலம், நமக்குத் திங்கள் காலை 7.30-க்கோ 8.30-க்கோ முடிகிறது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் தளம் என்றால் வித்தியாசம் கோடையில் நாலரை மணி நேரம், குளிர்காலத்தில் ஐந்தரை. கடைசி நிமிடங்களில் சுவர்க் கடிகாரத்தையோ கைக்கடிகாரத்தையோ பார்க்காமல், அந்தப் பக்கத்திலேயே ஓடும் எண்ணிக்கையை மட்டும் பார்க்க வேண்டும்.

முந்தின நாளே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. விற்பனையாளர் இந்தியாவுக்கு அனுப்புகிறாரா என்று பாருங்கள். அனுப்பாதவர் என்றால் உங்கள் கேள்வியைத் தளமே ஏற்காமல் போகலாம், அதைக் கடைசி எட்டு நொடியில் தெரிந்துகொண்டு பயனில்லை. முகவரி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 2020-இல் வந்த ரிசர்வ் வங்கியின் விதிப்படி புதிதாகத் தரப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் மூடியே இருக்கும். வங்கியின் செயலியில் போய் அதைத் திறந்து, ஒரு வரம்பும் வைத்துவிடுங்கள்.

ஏலம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது ஒருமுறை வெளியேறிவிட்டு மறுபடியும் உள்நுழையுங்கள். இதை நான் ஒரு காசை இழந்து கற்றுக்கொண்டேன். ஒரு வெளிநாட்டுத் தளத்தில், காலையில் உள்நுழைந்த கணக்கு இரவுவரை திறந்தே இருக்கிறது என்று நம்பி, மூன்று நொடி இருக்கும்போது பொத்தானைத் தட்டினேன். திரையில் கடவுச்சொல் கேட்கும் கட்டம் வந்து நின்றது. நான் முதல் எழுத்தைத் தட்டுவதற்குள் ஏலம் முடிந்துவிட்டது. 59 டாலர் கொடுக்கத் தயாராக இருந்த காசு 38 டாலருக்கு வேறொருவருக்குப் போனது. அன்றைய இரவு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உள்நுழைந்த பிறகு தொகையை எழுதி, முதல் பொத்தானைத் தட்டி, "உறுதி செய்க" என்று கேட்கும் இரண்டாம் பக்கத்தைத் திறந்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதே ஏலத்தை இன்னொரு தாவலில் திறந்து அங்கே எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டு நிமிடம் இருக்கும்போது, எழுதிய தொகையை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். 59.87 என்பதில் புள்ளி விடுபட்டால் அது 5,987 டாலர்; எதிராளியின் உச்சம் பெரியதாக இருந்தால் அந்தப் பிழையின் விலை உங்கள் தலையில் விழும். தொகையைத் தவறாகத் தட்டிவிட்டால் திரும்பப் பெற ஈபேயில் விதி உண்டு என்றாலும், கடைசி பன்னிரண்டு மணி நேரத்தில் கேட்ட தொகையைக் கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே திரும்பப் பெற முடியும்; கடைசி நொடியில் கேட்டவருக்கு அந்த விதியைப் பயன்படுத்த நேரமே இராது. மேலும், கேட்டது கேட்டதுதான்: அது வாங்குவதாகக் கொடுக்கும் வாக்கு.

எத்தனை நொடி இருக்கும்போது உறுதி செய்வது? இரண்டு, மூன்று நொடி என்று பெருமை பேசுபவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். நான் எட்டு நொடியில் தட்டுகிறேன். எட்டு நொடியில் எதிராளி பார்த்து, யோசித்து, தொகையை எழுதி, உறுதி செய்வது மிகக் கடினம். ஆனால் என் வீட்டு இணைப்பு இரண்டு நொடி தயங்கினாலும் எனக்கு இடம் இருக்கிறது. உங்கள் இணைப்புக்கு எத்தனை நொடி ஆகிறது என்பதை, உண்மையிலேயே வாங்க விரும்பும் ஒரு மலிவான பொருளின் ஏலத்தில் கேட்டு அளந்துகொள்ளுங்கள். மே மாதத்து மின்வெட்டை அறிந்தவர்கள் மோடத்துக்கு ஒரு சிறிய யுபிஎஸ் வைத்துக்கொள்வார்கள். கைப்பேசி டேட்டாவையும் தயாராக வைத்திருப்பது நல்லது.

இந்தக் கடைசி நேரப் பழக்கம் இணையத்தோடு பிறந்ததல்ல. பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் ஓர் அங்குல மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்து, சுடர் அணைவதற்கு முன் கடைசியாகக் கேட்டவருக்கே பொருள் என்று ஏலம் விட்டார்கள்; கம்பெனியின் சரக்குகளும் அப்படி விற்கப்பட்டன. அப்படி நடந்த ஒரு கப்பல் ஏலத்தில், மற்ற எல்லோரையும்விடச் சரியான கணத்தில் கேட்ட ஒருவரைப் பற்றிக் கடற்படை அலுவலர் ஒருவர் 1662-இல் எழுதி வைத்திருக்கிறார். சுடர் அணையப்போகும்போது புகை கீழே இறங்கும், அதைப் பார்த்துத்தான் கேட்டேன் என்று அந்த ஆள் சொன்னாராம். நமக்குப் புகைக்குப் பதில் எண்ணிக்கை இருக்கிறது. கவனம் அதே கவனம்தான்.

நம் சார்பில் கடைசி நொடியில் கேட்டுத் தரும் தானியங்கிச் சேவைகளும் இருக்கின்றன. ஈபே இதைத் தடை செய்யவில்லை. இரவு மூன்று மணிக்கு முடியும் ஏலத்துக்கு அவை உதவும் என்பது உண்மை. ஆனால் பலவற்றுக்கு உங்கள் கணக்கின் கடவுச்சொல்லையே கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கணக்கோடு உங்கள் முகவரியும் பணம் செலுத்தும் வழியும் சேர்ந்திருக்கின்றன. நான் கொடுப்பதில்லை. அலாரம் வைத்து எழுந்துகொள்கிறேன்.

தோற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வென்றவர் பணம் கட்டவில்லை, உங்களுக்கே தருகிறோம் என்று செய்தி வரலாம். அப்படி இரண்டாம் வாய்ப்புத் தரும் முறை ஈபேயில் உண்மையாகவே உண்டு. அதைப் போல நடித்து மின்னஞ்சலில் பணம் பறிப்பவர்களும் உண்டு. தளத்தின் உள்ளேயே உள்ள செய்திப் பெட்டியில் அது வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்த மின்னஞ்சலுக்குப் பதிலே எழுதாதீர்கள். வாங்குவதற்கு வழி சொன்ன நான் விற்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: நூறு ஆண்டைத் தாண்டிய காசுகளையும் பழம்பொருள்களையும் நாட்டைவிட்டு வெளியே அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டம் தடுக்கிறது. பாட்டியின் சுருக்குப் பையில் கிடைத்ததை வெளிநாட்டு ஏலத்தில் போடும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள்.

நேரம் நீளும் ஏலங்களில்

அமேசான் நிறுவனம் 1999-இல் ஓர் ஏலத் தளம் நடத்தத் தொடங்கியது. அங்கே கடைசி பத்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால், அதற்குப் பின் பத்து நிமிடம் யாரும் கேட்காமல் இருந்தால்தான் ஏலம் முடியும். ராத், ஓக்கன்ஃபெல்ஸ் இருவரும் ஈபேயோடு ஒப்பிட்டுப் பார்த்தது இந்தத் தளத்தைத்தான். அங்கே கடைசி நேரக் கேள்விகள் மிகவும் குறைவாக இருந்தன. நம் நாட்டில் வங்கிகள் கடன் தீராத சொத்துகளை விற்கும் மின்னணு ஏலங்களும், எம்.எஸ்.டி.சி. என்ற அரசின் மின்வணிக நிறுவனம் வழியாக அரசு நிறுவனங்கள் பழைய இரும்பையும் இயந்திரங்களையும் விற்கும் ஏலங்களும் பொதுவாக இந்த வழியில் நடக்கின்றன. வங்கி ஏல அறிவிப்புகளில் "ஐந்து நிமிடத் தானியங்கி நீட்டிப்பு" என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். காசு ஏலத்தில் பழகிய கையோடு இங்கே வந்து எட்டாவது நொடியில் தட்டினால், எதிராளிக்கு மேலும் ஐந்து நிமிடம் இனாமாகக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இங்கே கடைசி நொடிவரை காத்திருப்பதில் ஒரு குழியும் இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் யாருமே கேட்காவிட்டால் நீட்டிப்பு இல்லாமல் ஏலம் அப்படியே முடிந்துபோகும். இணைப்புத் தடைப்பட்டதால் முதல் கேள்வியைப் பதிவு செய்ய முடியாமல், ஏலத்தில் சேர முன்கூட்டியே கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையைக் கட்டியும் வெறுங்கையோடு போனவர்கள் உண்டு. ஆகவே முதல் கேள்வியை முடிவு நேரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே, அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த தொகையில் பதிவு செய்துவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு நீட்டிப்பிலும் உடனே பதில் சொல்லாமல், ஐந்து நிமிடத்தில் நான்கை யோசிக்கவும் குடும்பத்தாரோடு பேசவும் பயன்படுத்திக்கொண்டு, ஒரு நிமிடம் இருக்கும்போது கேளுங்கள். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் பழைய இரும்பு வாங்கி விற்கும் என் சித்தப்பா மகன் இப்படித்தான் செய்கிறார். எதிராளியின் அவசரத்தில் தானும் அவசரப்படாமல் இருக்க, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார். நீட்டிப்புகள் மணிக்கணக்கில் போவதுண்டு. கைப்பேசியில் சார்ஜ், மடிக்கணினிக்கு மின்கம்பி, ஒரு வேளைச் சாப்பாடு எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும்.

வங்கிச் சொத்தில் உங்கள் உச்சத் தொகையை முடிவு செய்வது வெள்ளிக் காசைவிடப் பல மடங்கு கடினம். "உள்ளது உள்ளபடி" என்ற அடிப்படையில்தான் விற்கிறார்கள். அதில் மறைந்திருக்கும் வில்லங்கம் வாங்குபவருடையதாகிவிடும். சத்துவாச்சாரியில் ஒரு வீடு என்றால் நேரில் போய், யார் குடியிருக்கிறார்கள், வாடகைக்காரரா உரிமையாளரா, காலி செய்வார்களா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். சொத்து வரி, மின்கட்டணப் பாக்கி, காலி செய்ய வைக்க ஆகும் வழக்குச் செலவு ஆகியவற்றையெல்லாம், நான் காசுக்கு அஞ்சல் செலவைக் கழித்ததுபோல, கேட்கும் தொகையிலிருந்து கழித்துவிட வேண்டும். 50 லட்சம் அல்லது அதற்குமேல் போகும் சொத்தில் வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இந்த ஏலத்தில் உண்மையான கடைசி நொடி, ஏலம் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. 32 லட்சம் ஒதுக்கீட்டு விலை (இதற்குக் குறைவாக விற்க மாட்டோம் என்று வங்கி வைக்கும் விலை) உள்ள வீட்டுக்கு, வழக்கமாகக் கேட்கப்படும் 10 சதவீதமான 3 லட்சத்து 20 ஆயிரத்தை முன்வைப்புத் தொகையாகக் கட்டி, 36 லட்சத்துக்கு ஏலம் எடுத்தீர்கள் என்று கொள்வோம். கடன் தீராத சொத்தை வங்கியே விற்க வழி செய்யும் சர்ஃபாசி சட்டத்தின் கீழுள்ள 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, முன்வைப்புத் தொகையும் சேர்த்து விலையில் கால் பங்கை, அதாவது 9 லட்சத்தை, அன்றே அல்லது அதிகபட்சம் அடுத்த வேலைநாளுக்குள் கட்டிவிட வேண்டும். ஆக உங்கள் கையில் 5 லட்சத்து 80 ஆயிரம் உடனே தேவை. மீதி 27 லட்சத்தை விற்பனை உறுதி செய்யப்பட்டதிலிருந்து பதினைந்து நாளுக்குள் கட்ட வேண்டும். வங்கி எழுத்து மூலம் சம்மதித்தால் மட்டும் மூன்று மாதம்வரை நீட்டிக்க முடியும். தவறினால் கட்டிய பணம் போய்விடும், வீடும் மறு ஏலத்துக்குப் போகும். வீட்டுக் கடன் வாங்கிக் கட்டலாம் என்று நினைப்பவர்கள், ஏலத்துக்கு முன்பே தங்கள் வங்கியில் அந்தச் சொத்துக்குக் கடன் தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து நாளில் புதிதாக ஒரு கடன் கைக்கு வருவது அரிது.

பணம் இருந்தும் அனுப்ப முடியாமல் தவிப்பதும் நடக்கிறது. பெரிய தொகையை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனே அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ். முறை 2020 டிசம்பரிலிருந்து இரவு பகலாக இயங்குகிறது என்றாலும், புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாளில் பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் அனுமதிப்பதில்லை. உங்கள் இணைய வங்கிச் சேவையின் நாள் வரம்பும் குறைவாக இருக்கலாம். ஏலத்துக்கு மூன்று நாள் முன்பே ஏலம் விடும் வங்கியின் கணக்கு எண்ணை அறிவிப்பிலிருந்து எடுத்துச் சேர்த்து, முன்வைப்புத் தொகையை அதே வழியில் அனுப்பிப் பாருங்கள். பிறகு நாள் வரம்பை, கால் பங்குத் தொகையைத் தாங்கும் அளவுக்கு உயர்த்தி வையுங்கள். அதைச் செயலியில் செய்ய முடியாவிட்டால், காசோலைப் புத்தகத்தோடு உங்கள் கிளைக்கு நேரில் போய் ஆர்.டி.ஜி.எஸ். படிவத்தை முன்கூட்டியே வாங்கிப் பூர்த்தி செய்து, தொகைக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு வைத்துக்கொள்ளுங்கள்.